அமைதி மாலைக்கு நடந்த கைகலப்பு

வேம்பாற்று நாட்டை ஒரு காலத்தில் மணவாளசிங்கன் என்ற அரசன் ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட, காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் நினைத்து, இடையில் இருந்தவர்களைப் பாடாய்ப் படுத்தினான் என்பதே சரி.

ஆற்றங்கரையில் அவன் கட்டிய யோகசாலை ஒன்று இருந்தது. மந்திரி சோமாசிக்கு இளைப்பு நோய். அங்கே மூச்சுப் பயிற்சி பழகிய பிறகுதான் அவரால் படுத்து உறங்க முடிந்தது. அதற்கு முன்பெல்லாம் தூணில் சாய்ந்தபடியே விடியும்.

சாலையில் சண்டைக்குக் குறைவில்லை. எந்த மூக்கில் முதலில் மூச்சிழுப்பது என்று இரண்டு கட்சி. காற்று வரும் சாளரத்தருகே யார் பாய் விரிப்பது என்று இன்னொரு தகராறு. இதைக் கேள்விப்பட்ட அரசன், அங்கே அமைதியை வளர்ப்பவருக்கு முத்துமாலையும் 'சாந்தசீலர்' பட்டமும் தருவதாக அறிவித்தான். அன்றோடு மூக்குச் சண்டை நின்றது. யாருக்குச் சாந்தம் அதிகம் என்பதில் கைகலப்பு தொடங்கியது. அதில் தாதன் என்பவருக்கு முன்பல் போயிற்று.

அரசன் சலித்துப்போனான். "நாளை சபையில் ஒரு சாந்தசீலரைக் காட்டும், சோமாசி. இல்லாவிட்டால் சாலையை யானைக் கொட்டிலாக்கிவிடுவேன். யானைகளாவது ஒழுங்காக மூச்சு விடும்."

பக்கத்தில் நின்ற அரசவை அதிகாரி காளத்திராயருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். மந்திரி பதவிமேல் அவருக்கு நெடுநாளாகக் கண். சாலையில் பயிலும் தன் மைத்துனன் நீலமேகமே பட்டத்துக்குப் பொருத்தம், எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவன் என்று சொல்லிவைத்தார். மாலை மைத்துனனுக்குக் கிடைத்தாலும் லாபம். சாலையை மூடி சோமாசிக்கு மூச்சு முட்டினாலும் லாபம்.

மறுநாள் யோகசாலை முழுவதும் சபையில் கூடியது. எல்லாரும் முகத்தில் சாந்தத்தைப் பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். பார்க்கவே எரிச்சலாக இருந்தது. சோமாசி ஒரு நிபந்தனை சொன்னார். மாலையை அரசர் சூட்டமாட்டார். பட்டம் கேட்பவரோடு சண்டையிட்ட ஒருவரே மனமுவந்து வந்து சூட்ட வேண்டும்.

நீலமேகம் முன்னால் வந்து கைகூப்பினான். "என்னோடு சண்டையிட்டவர் என்று இவ்வுலகில் யாருமே இல்லையே, மந்திரியாரே."

"நான் இருக்கேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "என்னை மறந்துட்டியா?" என்றது இன்னொன்று. தாதன் பல் போன வாயைத் திறந்து காட்டினார். மாலை சூட்ட அழைத்தபோது மட்டும் ஒருவரும் அசையவில்லை.

அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதே கதி. இரண்டு பேர், ஒருவருக்கொருவர் சூட்டிக்கொள்வதாகப் பேசிவைத்துக்கொண்டு வந்தார்கள். முதலில் யாருக்கு என்பதில் குடுமியைப் பிடித்துக்கொண்டார்கள். அரசன் யானைப்பாகனை அழைத்துவரச் சொன்னான். சோமாசிக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது.

"உலகம்மை, நீ ஏனம்மா வரவில்லை?" என்று கேட்டார்.

உலகம்மை உப்பு வணிகம் செய்பவள். சாலையிலேயே பெரிய வாய் அவளுடையது. "எனக்கெதுக்கு மாலை? இங்க இருக்கிற எல்லாரோடவும் நான் சண்டை போட்டிருக்கேன்" என்றாள்.

அவளுக்கு மாலை சூட்ட யார் வருகிறீர்கள் என்று சோமாசி கேட்டு முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. அரசன் விழித்தான். தாதன்தான் விளக்கினார். பயிற்சி முடிந்ததும் எல்லாரும் அசையாமல் சவாசனத்தில் கிடப்பார்கள். உலகம்மை அன்று யாரைத் திட்டினாளோ அவர் பக்கத்தில்தான் பாய் விரிப்பாள். பிறர் சண்டை என்றால் இருவருக்கும் நடுவில் படுப்பாள். மூச்சு ஒன்றுபோல் இறங்கும்வரை யாரையும் எழவிடமாட்டாள்.

"திட்டினதைத் திரும்ப வாங்கமாட்டா, மகாராஜா. ஆனா அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவும் விடமாட்டா" என்றார் தாதன்.

அரசன் மகிழ்ந்து மாலையைக் கையில் எடுத்தான். வேறென்ன வேண்டும் என்றும் கேட்டான்.

"இந்தப் பட்டத்தை நிறுத்துங்க" என்றாள் உலகம்மை. "முன்னாடி எங்களுக்குள்ள வெறும் வாய்ச்சண்டைதான். பல்லு போனது உங்களால."

ராஜநிந்தை என்றார் காளத்திராயர். அரசன் முகம் சிவந்து மாலையைத் தரையில் எறிந்தான். இன்றே சாலையில் யானைகள் நிற்கும் என்று கத்தினான். யானையை அரண்மனையிலேயே கட்டிக்கொள்ளுங்கள் என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள். பிறகு சிம்மாசனத்துக்கு எதிரே பாயை விரித்து, கண்ணை மூடி, நீட்டிப் படுத்துவிட்டாள். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தாள்.

காவலர்கள் வாளைத் தொட்டுக்கொண்டு அரசனைப் பார்த்தார்கள். அரசன் சோமாசியைப் பார்த்தான். சோமாசி மூச்சுக்குத் திணறியபடி அந்தக் காலியிடத்தைப் பார்த்தார்.

கடைசியில் அரசன் கிரீடத்தைக் கழற்றிக் காளத்திராயரிடம் நீட்டினான். "கையில் வைத்துக்கொண்டால் போதும்" என்று எச்சரித்துவிட்டு, இறங்கி வந்து அவள் பக்கத்தில் படுத்தான். முதலில் மூச்சு உறுமலாக வந்தது. பிறகு மெல்ல இறங்கியது.

"சோமாசி" என்றான் கண்ணைத் திறக்காமலே. "யானைகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பட்டமும் வேண்டாம். ஜெயித்தவர் நீர். உமக்கு என்ன வேண்டும்?"

அரசனுக்கு மறுபக்கத்தில் மந்திரி எப்போதோ படுத்திருந்தார். அவர் மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. அவரைப் பார்த்துச் சபையும் ஒவ்வொருவராகப் படுக்க, காளத்திராயர் மட்டும் கிரீடத்தைக் கீழே வைக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.