போனுக்குள் வந்த கோர்ட் நோட்டீஸ்

என் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். யார் யாரோ சேர்ந்து எழுதி, ஊருக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. என் புதுப் போனிலிருந்து படங்களை அதற்கு மாற்ற வழியே இல்லை. மகள் இதழினியின் முதல் நடை போனுக்குள் மாட்டிக்கிடக்க, இடம் நிரம்பிய போனோ 'எதையாவது அழி' என்று மிரட்டியது.

அந்தப் போன் வாங்கியவர்களுக்குக் கம்பெனி திண்டுக்கல்லில் கூட்டம் போட்டது. இடுப்பில் பிள்ளையோடு எழுந்து, லினக்ஸுக்குப் படங்களை மாற்ற வழி செய்து தரச் சொல்லிக் கேட்டேன்.

மேலாளர் சிரித்தார். "லினக்ஸா? அதை யாரும்மா வெச்சிருக்கா? நூறு பேரைக் கூட்டிட்டு வாங்க, செஞ்சு தர்றோம்."

"இங்கயே இருக்காங்க சார். உங்க போன் செட்டிங்ஸ்ல 'சட்டத் தகவல்'னு இருக்கும், வாசிங்க."

மைக்கிலேயே வாசித்தார். "இந்தப் போன் லினக்ஸ் மீது இயங்குகிறது..." குரல் இறங்கிவிட்டது. மண்டபமே அவரவர் போனைத் திறந்து பார்த்துச் சிரித்தது.

"நூறுக்கு மேலயே தேறும் சார். எப்ப தர்றீங்க?"

"அடுத்த மாசம்," என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டவர், "இதெல்லாம் எங்க படிச்சீங்கம்மா?" என்றார்.

படிப்பா? போன வாரம் இதழினி எச்சில் கையால் தட்டியதில் அந்தப் பக்கம் திறந்துகொண்டது. 'சட்டம்' என்றதும் கோர்ட் நோட்டீஸ் என்று நடுங்கி, ஒரு வரி விடாமல் படித்தவள் நான்.