புகையில்லாப் பந்தி

முன்னொரு காலத்தில், மேகங்கள் இறங்கி இளைப்பாறும் மலையடிவாரத்தில், மருதநல்லூர் என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு அரசருக்குத் தம் அடுக்களைப் புகைமீது அளவற்ற பெருமை. புகை எவ்வளவு உயர எழுகிறதோ அவ்வளவு செழிப்பு என்பது அவர் எண்ணம். ஆகவே அடுப்புகள் ஓயாமல் எரிந்தன. காடு நாள்தோறும் குறைந்தது.

அவ்வடுக்களையின் தலைமைச் சமையற்காரி செங்கமலம். அவள் கணவன் தாண்டவன் விறகுவெட்டி. ஒருநாள் அவன் கோடரி ஓங்கிய மரத்தில் மந்திரவாதி ஒருவன் குடியிருந்தான். சினங்கொண்ட அவன், தாண்டவனைக் காட்டோரத்து வேங்கை மரமாக்கிவிட்டான். தேடிச் சென்ற செங்கமலம், அடியில் கிடந்த அவன் கோடரியைக் கண்டு, அம்மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அழாதே, அம்மா. கோடரி பட்ட விறகு ஒன்றுகூட எரியாமல் அரண்மனைப் பந்தி வயிறார உண்ணட்டும்; அன்று இவன் எழுவான். காரணத்தை வெளியே சொன்னால், மரமாகவே நிற்பான்" என்றான் மந்திரவாதி.

"நாளை இந்த ஓரத்தைத்தானே வெட்ட வருகிறார்கள், ஐயா?"

"அப்படியானால் நாளைக்கே சமைத்துவிடு."

அன்று மாலையே பருப்பை ஊற வைத்தாள். விடிந்ததும் விறகுவெட்டிகளிடம், "இன்றைக்கு விறகு வேண்டாம், தம்பி" என்றாள்.

"அரசருக்கு ஊறவைத்த அரிசியா, அக்கா?" என்று சிரித்தார்கள். "வாசலிலேயே இருக்கிறோம். எப்படியும் கூப்பிடத்தான் போகிறீர்கள்."

கொல்லையில் குப்பையாய்க் கிடந்த தென்னை மட்டைகளையும் தேங்காய்ச் சிரட்டைகளையும் அவள் அள்ளி வந்தாள். அரண்மனை அடுப்புக்குப் பேச்சு வரும். ஆனால் ஒரே பேச்சுத்தான் வரும்.

"கட்டை போடு, கமலம், கட்டை போடு."

"மட்டையைத் தின்" என்றாள். ஊறிய பருப்பு, மட்டை எரிந்து தீருமுன் மலர்ந்துவிட்டது.

"கட்டை போடு, கமலம், கட்டை போடு."

"சிரட்டையைத் தின்" என்றாள். ஆவி வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக அரண்மனைப் பானைகளுக்கு மூடியே கிடையாது. அவளோ சோற்றுப் பானைமேல் காய்ச்சட்டியை ஏற்றி, அதன்மேல் தாம்பாளத்தைக் கவிழ்த்தாள். கீழே அரிசி கொதித்தது. அதன் ஆவியில் மேலே காய் வெந்தது.

"கட்டை போடு, கமலம், கட்டை போடு."

"தணலைத் தின்" என்றாள். கொதித்த பானையை இறக்கி, அதே தாம்பாளத்தால் மூடி, வைக்கோல் திணித்த கூடைக்குள் புதைத்து, சாக்கால் போர்த்தினாள். மிஞ்சிய தணலில் பாயசம் ஏறியது. இடையில் திறந்தால் சூடு போய்விடும். ஆகவே சோறு வெந்ததா, வேகவில்லையா என்பது அவளுக்கே தெரியாது.

அரசர் விரைந்து வந்தார். "வானத்தில் புகையைக் காணோம். யார் வீட்டு இழவுக்கு அடுப்பை அணைத்தாய்?"

"இழவு விழக் கூடாது என்றுதான், அரசே. அமருங்கள்; இலை போட்டாகிவிட்டது."

"ஒரு பருக்கை வேகாவிட்டாலும் கோடரிகள் இப்பொழுதே காட்டுக்குப் போகும்."

செங்கமலம் கூடையை முன்னே இழுத்தாள். சாக்கை விலக்கினாள், தாம்பாளத்தை எடுத்தாள். ஆவி அவள் முகத்தில் மோதியது. உள்ளே சோறு பூவாய் மலர்ந்திருந்தது.

அரசர் உண்டார், மறுபடியும் கேட்டார், மூன்றாம் முறையும் கேட்டார். "எந்த நெருப்பில் வெந்தது இது?"

"தன் சூட்டிலேயே வெந்தது, அரசே. இத்தனை காலம் அந்தச் சூட்டைத்தான் நாம் வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்."

அரசர் கூடைக்குள் கைவைத்துப் பார்த்தார். பிறகு விறகுவெட்டிகளையும் அழைத்துப் பந்தியில் அமர்த்தினார். "இனி நீங்கள் மரம் நடுங்கள்" என்றார். "உனக்கு என்ன வேண்டும், செங்கமலம்?"

"இந்நாட்டுப் பானை ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவு இருந்தால் காடு பிழைத்துக்கொள்ளும்."

பந்தியில் கடைசி ஆள் கைகழுவியபொழுது காட்டோரத்து வேங்கை சிலிர்த்தது. சற்று நேரத்தில் தலையெல்லாம் மஞ்சள் பூவாக, தாண்டவன் வாசலில் வந்து நின்றான்.

"கமலம், பசிக்கிறது."

அவள் வாய்விட்டு அழுதாள். இப்பொழுது காரணத்தைச் சொல்லத் தடையில்லை, சொன்னாள். அரசர் எழுந்து, தம் கையாலேயே இலை விரித்து, கூடைக்குள்ளிருந்த பானையிலிருந்து சோறு அள்ளிவைத்தார். அது இன்னும் சூடாகவே இருந்தது.