கறுப்பு நதியின் மேல் ஒரு சத்தியம்

அநியாயம் நடந்தது நாச்சியம்மைக்கு. கிரேக்கப் புராணங்களைக் கரைத்துக் குடித்து, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுக்காக ஒரு பாதாள உலகத்தையே அவள் எழுதி வைத்திருந்தாள். ஆட்டக் குழுவின் சீனியர் ஞானசேகர் அதை அப்படியே தன் பெயரில் புத்தகமாக அச்சடித்துவிட்டார். கடைசிப் பக்கம் வரை படிக்கக்கூட அந்த மனிதருக்குப் பொறுமையில்லை!

மழை பெய்த ஒரு மாலை, மெழுகுவத்தி ஏற்றி ஆட்டம் தொடங்கியது. பாதாள ராஜா ஞானசேகர்தான். அவளுக்குக் கிடைத்த வேடம் தண்ணீர் சுமக்கும் அடிமை.

"இந்த ராஜா வாயடைச்சு நின்னாத்தான் பாதாளக் கதவு திறக்கும், நாச்சி. திறந்து காட்டு, புத்தகத்துல உன் பேரைப் போடுறேன்" என்று சிரித்தார்.

அவள் தன் டம்ளரை அவர் முன்னால் நகர்த்தினாள். "ராஜா, இது பாதாளத்துக் கறுப்பு நதித் தண்ணி. இந்த உலகம் உங்க கற்பனைதான்னு இதைத் தொட்டுச் சத்தியம் பண்ணுங்க, போதும்."

"இவ்வளவுதானா? சத்தியமா என்னுதுதான்!" என்று அவர் விரலைத் தண்ணீரில் நனைத்தார்.

டம்ளர் தண்ணீர் மைபோலக் கறுத்தது. சுடர் அணையாமலே அறை இருண்டது. ஞானசேகர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். குரல் வரவில்லை. தரைக்கு அடியில் எங்கோ ஒரு பெரிய கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

கூட ஆடிக்கொண்டிருந்த ரஹீமா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் படித்தாள்: "இந்த நதியின் மேல் பொய்ச் சத்தியம் செய்தவன் குரல் ஓராண்டு நதிக்கே சொந்தம்." அவள் நிமிர்ந்தாள். "ஐயோ, இதை எப்படிடி மாத்துறது?"

நாச்சியம்மை பகடைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? எழுதினவர் அவர்தானே, அவரையே கேளு."