புடவை மடிக்கக் கற்ற சாமி

உலகநாதனின் ஜவுளிக்கடையில் ஏதோ தோஷம் இருந்தது. இருப்பதாக உலகநாதன் நம்பினார். வேலை பார்க்கும் பெண்களில் பாதிப் பேருக்குக் கால் வீங்கியது, நரம்பு முறுக்கிக்கொண்டு புடைத்தது. அவரும் வாசலில் பூசணிக்காய் உடைத்தார். வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு மாடிப்படியை இடம் மாற்றினார். வீக்கம் மட்டும் இடம் மாறவில்லை.

கடைசியில் தன் குருவிடம் போனார். மலையடிவார மடத்துச் சாமி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் கைகட்டி நிற்பதில் உலகநாதன் ஒரு குறையும் வைத்ததில்லை.

"சாமி, புடவைப் பிரிவுல மாரிக்கனின்னு ஒருத்தி. அவ எடுத்து விரிச்சா வேண்டாம்னு யாரும் போக மாட்டாங்க. இப்ப கணுக்கால்ல புண்ணு வந்து ஆற மாட்டேங்கு. நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். நிக்க முடியாதவளை வச்சு நான் எப்படி வியாபாரம் பண்ண? மாசக் கடைசியோட அனுப்பிரலாம்னு இருக்கேன். பாவம், அவ சம்பளத்துலதான் வீடே ஓடுது. இது யார் செஞ்ச கர்மம்?"

"அந்த அம்மா உக்காந்து வேலை பார்த்தா என்ன?"

"ஆளுங்க உக்காந்தா கஸ்டமருக்கு மரியாதை இல்லையே சாமி. கல்லாவுல நான் மட்டும்தான் உக்காருவேன்."

"நாளைக்கு வந்து பார்க்கேன்," என்றார் சாமி.

உலகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் வாசலில் பெரிய கோலம், ஆளுயர மாலை, சாமிக்கென்று வெல்வெட் நாற்காலி. சாமி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் புடவைப் பிரிவுக்குப் போய் மாரிக்கனியைக் கும்பிட்டார்.

"அம்மா, எனக்குப் புடவை மடிக்கச் சொல்லித் தரணும்."

மாரிக்கனி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

பாடம் தொடங்கியது. சாமி மடித்த புடவையெல்லாம் சலவை மூட்டை மாதிரி வந்தது. மாரிக்கனி கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, பொறுமையாகப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள்.

குரு நிற்கிறார். சிஷ்யன் உட்கார முடியுமா? உலகநாதனும் நின்றார். பதினோரு மணிக்கு இடுப்பு பிடித்தது. அப்புறம் குதிகால் எரிந்தது. கல்லாவில் அவருடைய நாற்காலி சும்மா கிடந்தது. முப்பது வருஷத்தில் அதன்மேல் அவருக்கு இவ்வளவு ஆசை வந்ததில்லை.

"சாமி, கொஞ்சம் உக்காருங்களேன்."

"எப்படி உக்கார? சொல்லித் தர்றவங்க நிக்காங்களே. என் முன்னால நீங்க அப்படி உக்காருவீங்களா?"

"மாட்டேன் சாமி."

"பிறகென்ன," என்று சாமி அடுத்த புடவையை எடுத்தார்.

உலகநாதன் தூணில் சாய்ந்துகொண்டு மாரிக்கனியின் காலைப் பார்த்தார். துணி சுற்றிய கணுக்கால் பானை மாதிரி இருந்தது. தினமும் பார்த்ததுதான். தன் கால் நோகும்போது பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கால்வலி கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

தன் நாற்காலியையே இழுத்துக்கொண்டு வந்து போட்டார்.

"உக்காரும்மா மாரிக்கனி."

"வேண்டாம் மொதலாளி. கஸ்டமர் யாராவது பார்த்தா..."

"பார்த்தா பார்க்கட்டும். நீ உக்காந்தாத்தான் சாமி உக்காருவாரு. அவரு உக்காந்தாத்தான் நான் உக்கார முடியும். உனக்குப் புண்ணியமாப் போகும், உக்காரு."

மாரிக்கனி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். சாமி வெல்வெட் நாற்காலியில் அமர்ந்தார். உலகநாதன் தரையிலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் வந்து, "அந்த மாம்பழக் கலரை எடும்மா," என்றாள். மாரிக்கனி உட்கார்ந்தபடியே எடுத்து விரித்தாள். வந்தவள் புடவையைத்தான் பார்த்தாள். பில் போடச் சொல்லிவிட்டுப் போனாள்.

உலகநாதன் அவள் போன வாசலையே பார்த்தார். பிறகு மாரிக்கனி பக்கம் திரும்பினார்.

"அந்த நாற்காலி இங்கயே கிடக்கட்டும்மா. நீ எங்கயும் போக வேண்டாம்."

மாரிக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உலகநாதனுக்கு மனசு லேசானது. காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டார்.

"பாடம் முடிஞ்சுதா சாமி?"

"புடவை முடிஞ்சுது," என்று சாமி எழுந்தார். "வேட்டிப் பிரிவுல யாரு நிக்காங்க?"