நல்லபெருமாளின் வலது கட்டைவிரல்

"டீச்சர், போனுக்கு என்னைய அடையாளம் தெரியல."

நல்லபெருமாள் அண்ணாச்சி படியேறி வந்து சொன்ன முதல் வார்த்தை இது. வணக்கமும் இல்லை, சௌக்கியமா என்ற கேள்வியும் இல்லை.

ஜெசிந்தா டீச்சர் நிமிரவில்லை. ஒரு போனின் முதுகைத் திறந்து வைத்து, உள்ளே இருந்து இடுக்கியால் எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த போனுக்கு?"

"எந்த போனுக்கும்."

ரெண்டு பேரும் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் போன் ரிப்பேர் பார்க்கிறவள் டீச்சர். வயசு முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் படிக்க வருகிறவர்களில் அவளைவிட மூத்தவர்கள்தான் அதிகம். நல்லபெருமாளும் அப்படி வந்த சிஷ்யர்தான். ஐம்பது வயசில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, ஆறு மாசம் படித்துவிட்டு, தன் ஊரில் கடை போட்டார்.

டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது. கையில் ஸ்குரூ டிரைவர் கிடைக்கும். நீயே திறந்து பார் என்று அர்த்தம்.

அண்ணாச்சி அதற்கு நேர் எதிர். கேட்காமலே சொல்வார். அவர் ஊரில் அவரைக் கேட்காமல் யாரும் போன் வாங்கியதில்லை. "கேமராவுல மயங்காதிய, பேட்டரியைப் பாருங்க. வயசாளிக்குன்னா விரல் வச்சாத் திறக்கிறதா வாங்குங்க, அதுதான் தோது" என்பார். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி. இப்போது அவர் விரலுக்கே திறக்கவில்லை.

"என்னெல்லாம் செஞ்சு பாத்திய?"

"சோப்புப் போட்டுக் கழுவுனேன். எலுமிச்சம்பழம் தேச்சேன். ஸ்க்ரீன் கார்டை உரிச்செறிஞ்சேன். விரலை அழிச்சுட்டு மறுபடி பதிஞ்சேன். இது மூணாவது போன் டீச்சர்."

"மத்த விரல்?"

"ஒம்பதும் எடுக்குது. வலது கட்டைவிரல் மட்டும் மாட்டேங்குது."

டீச்சர் தன் போனை எடுத்து நீட்டினாள்.

"இதுல பதிங்க."

அண்ணாச்சி கட்டைவிரலை வைத்தார். திரையில் எழுத்து வந்தது.

விரலை வைக்கவும்.

"வச்சுத்தான் இருக்கேன்."

விரலை வைக்கவும்.

அழுத்தினார். நகம் வெளுத்தது.

விரலை வைக்கவும்.

டீச்சர் போனைத் திரும்ப வாங்கித் தன் விரலை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டது. அவள் அண்ணாச்சியை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"ரேஷன் கடை மெஷின்ல?"

அண்ணாச்சி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அங்கயும் எடுக்கலையா?"

"அங்க எடுத்துச்சு."

"பெறகென்ன?"

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பத்துக் கிலோ அரிசி, ஒரு கிலோ சீனி. அதற்கு மேலே பொருள் வாங்க வந்தவர் பெயர்.

சிவனணைந்தபெருமாள்.

"எங்கப்பா பேரு டீச்சர். 'செத்த ஆளு பேரை இன்னுமா கார்டுல வச்சிருக்கிய'ன்னு கடைக்காரன் ஏசுறான். வரிசையில நின்னவுக எல்லாம் சிரிக்காவ. நான்லா விரல் வச்சேன்! எனக்குச் சிரிப்பு வரல."

"அப்பா தவறி மூணு மாசம் இருக்குமா? போஸ்டர் பாத்தேன்."

"ஆமா."

"அதுல மகன், மருமகள், பேரன் பேத்தி எல்லார் பேரும் இருந்துச்சு. ஒரு தங்கச்சி உண்டுன்னு படிக்க வந்தப்ப சொன்னிய, மகள் பேரைக் காணோம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டியது.

டீச்சர் மேஜை டிராயரைத் திறந்து, சீல் குத்துகிற மைப்பெட்டியை எடுத்தாள். ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் போட்டாள்.

"கைநாட்டு வைங்க."

"எனக்குக் கையெழுத்துத் தெரியுமே."

"வைங்க அண்ணாச்சி."

வைத்தார். விரலை எடுத்தார்.

தாளில் ரேகை அச்சாக விழுந்திருந்தது. அதன் குறுக்கே, மேலிருந்து கீழாக, மை ஒட்டாத ஒரு சாய்ந்த கோடு.

அண்ணாச்சி தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். மை அப்பிய மொழுமொழு விரல். ஒரு கீறல் கிடையாது. தாளைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். வேட்டியில் மையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இது யாரு தழும்பு?" என்றாள் டீச்சர்.

"ஐயோ."

"யாருது?"

"அப்பாவுது. கோமு சின்னப் பிள்ளையா இருக்கையில நுங்கு வேணும்னு அழுதா. அவசரத்துல சீவினாரு, அருவா பிசகிட்டு. ரத்தம் கொட்டக் கொட்ட நுங்கைத் தோண்டிக் குடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு."

"கோமு?"

"தங்கச்சி."

டீச்சர் மைப்பெட்டியை மூடினாள்.

"அப்பா விரலை என்ன செஞ்சிய அண்ணாச்சி?"

அவர் எழுந்து வாசல் வரைக்கும் போனார். போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், உட்காரவும் விடாது, ஓடவும் விடாது.

"கோமு பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால ஒருத்தனை விரும்பிக் கட்டிக்கிட்டா. வேற ஆளுக. 'அவ வாசல் மிதிச்சா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்'னு நான்தான் குதிச்சேன். அப்பா எதுவும் சொல்லல. என் சோத்தைத் திங்கிறவரு, என்ன சொல்லுவாரு?"

"ம்."

"அப்பா தவறுன அன்னைக்குக் காலையில அவரு உள்ள யாரோடயோ பேசுற சத்தம் கேட்டுச்சு. போய் எட்டிப் பாத்தேன். போனை நெஞ்சுல கவுத்திப் போட்டுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாரு. நான்தான் பாத்து வாங்கிக் குடுத்த போன். விரல் வச்சாத் திறக்கிறது. பதினோரு மணிக்கு மூச்சு நின்னுட்டு. வீட்டுல வேற யாரும் இல்ல. நான் அழல டீச்சர். யாரையும் கூப்பிடல. அவர் கட்டைவிரலைப் பிடிச்சுப் போன்ல வச்சேன்."

"திறந்துச்சா?"

"சூடு ஆறலயே. திறந்துச்சு."

டீச்சர் காத்திருந்தாள்.

"வாட்ஸ்அப்ல கோமுவுக்குப் பேசி அனுப்பியிருந்தாரு. ஒரே ஒரு டிக். அவ ராஜபாளையத்துல மில்லுக்குப் போறா. போனை கேட்லயே வாங்கி வச்சிருவாங்க. சாயந்தரம்தான் குடுப்பாங்க. அதனால போய்ச் சேரல. போட்டுக் கேட்டேன்."

"கேட்டுட்டு?"

"எல்லாருக்கும் அழின்னு ஒண்ணு வருமே. அதை அமுக்குனேன்."

"அதுவும் அப்பா விரலாலயா?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அதுவும் அப்பா விரலால்தான். தன் கையால் செய்யவில்லை என்று அன்றைக்கு அவருக்கு ஒரு ஆறுதல். சண்டாளத்தனத்திலும் ஒரு சாமர்த்தியம்!

"துட்டிக்கு, அடக்கத்துக்குக்கூட அவளுக்குச் சொல்லி விடல. பதினாறாம் நாள் கழிச்சு அவளாத் தெரிஞ்சு போன் பண்ணுனா. ஏசுவான்னு நினைச்சேன், ஏசல. 'அண்ணே, அப்பா எனக்கு என்னமோ அனுப்பிட்டு அழிச்சிருக்காரே, என்னண்ணே சொன்னாரு'ன்னு கேட்டா."

"என்ன சொன்னிய?"

"'உன் நினைப்பே அவருக்கு இல்ல. கை தவறிப் போயிருக்கும்'னேன்."

"விரல் எப்ப இருந்து எடுக்கல?"

"அவகிட்ட அப்படிச் சொல்லிட்டுப் போனை வச்சேம்லா, அப்ப இருந்து."

கீழே கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா போன் எங்க?"

பையில்தான் வைத்திருந்தார். தூக்கி எறியவும் மனசில்லை, வீட்டில் வைக்கவும் பயம். மூணு மாசமாகச் செத்துக் கிடந்த போனை டீச்சர் சார்ஜரில் மாட்டினாள். கால் மணி நேரம் கழித்து அது விழித்தது.

"ஆன் பண்ணின உடனே என்ன கேக்கும்? உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"லாக் நம்பர் கேக்கும். முதல் தடவை விரலுக்குத் திறக்காது."

"நம்பர் தெரியுமா?"

"தெரியாது. அப்பா சொல்லல."

"விரலை வைங்க."

"திறக்காது டீச்சர், நீங்கதான சொன்..."

"வைங்க."

வைத்தார்.

திறந்தது.

டீச்சர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் பயந்து நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கடையின் வைஃபையைப் போட்டாள். போன் சத்தமிட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, ஐந்து. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. எல்லாம் கோமு அனுப்பியவை. அப்பா இல்லை என்று தெரிந்த பிறகும் அனுப்பியவை.

அப்பா, என்ன சொல்ல வந்திய?

அப்பா, ஏன் அழிச்சிய?

கோவத்துல ஏசினியளோ? ஏசினாலும் பரவாயில்லப்பா. உங்க சத்தத்தைக் கேட்டிருப்பேன்.

அண்ணன் கை தவறிட்டுன்னு சொல்லுது. அப்படியாப்பா?

கடைசியில் ஒன்று. அண்ணாச்சி மாடியேறி வந்த அதே நாள், மில் லீவு நாள், மத்தியானம் அனுப்பியது.

அப்பா, நம்ம வீட்டுல அடிக்கிற மாதிரி இங்க பெல்லு அடிச்சிச்சு. ஓடிப் போய்ப் பாத்தேன். வாசல்ல யாரும் இல்ல.

அண்ணாச்சி வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டார். மூணு மாசத்து அழுகை. குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அது என்ன, நம்ம வீட்டுல அடிக்கிற மாதிரி?"

"அப்பா வேலை முடிஞ்சு வந்து பெல்லுல கட்டைவிரலை வச்சா எடுக்க மாட்டாரு. அது பாட்டுக்கு அலறும். 'இந்தா வந்துட்டேன்பா'ன்னு கத்திக்கிட்டே கோமுதான் ஓடிப் போய்த் திறப்பா. வேற யாரு திறந்தாலும் விரலை எடுக்க மாட்டாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் போனைக் காட்டினார்.

"அழிச்சதை ரெக்கவர் பண்ண முடியுமா டீச்சர்? எவ்வளவோ போன்ல எடுத்துக் குடுத்திருக்கியளே."

"இதுல இல்ல."

"வேற எங்க இருக்கு?"

டீச்சர் கையை நீட்டி, அவர் காதை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

அவர் அந்தக் காதைத் தடவிக்கொண்டார்.

"விரல் சரியாயிருமா?"

"உங்க விரலா இருந்தா நான் சொல்லுவேன்."

டீச்சர் பழையபடி இடுக்கியை எடுத்துக்கொண்டாள். போன் மேல் குனிந்தபடியே சொன்னாள்:

"ராஜபாளையம் பஸ் கிளம்புது அண்ணாச்சி."

ஜன்னலோர சீட் கிடைத்தது. பஸ்ஸில் அவர் செய்தது ஒரே வேலைதான். அப்பா பேசியதை வரிசையாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பயம் வந்துவிட்டது. உலகத்தில் அந்தப் பேச்சு இருக்கிற ஒரே இடம் அவர் மண்டைதான். பேட்டரி போனால் போச்சு! ஒரு வார்த்தை குறைந்தாலும் கோமுவுக்கு அது குறைந்ததுதான். உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தார்.

கோமு, அப்பா பேசுதேன். உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லம்மா. வந்து பெல்லை அடி. இந்தத் தடவை நான் வந்து திறக்குதேன்.

பத்துத் தடவை சொன்னார். பதினோராவது தடவை சொல்லும்போது இடையில் ஒரு இருமல் வந்தது. அவருக்கு இருமல் கிடையாது. அப்பாவுக்கு உண்டு. அந்த இடத்தில்தான் அப்பாவும் இருமியிருந்தார்.

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பெரியவரே, தண்ணி வேணுமா?"

வெயில் இறங்குகிற நேரத்தில் தெருவை விசாரித்துக் கண்டுபிடித்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் பார்க்காத வீடு. பச்சைக் கதவு. வாசலில் ஒரு சின்னப் பிள்ளையின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. கோமுவுக்குப் பிள்ளை இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். வெட்கமாக இருந்தது.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றார். நானாக இருந்தால் திரும்பியிருப்பேன்.

கதவோரம் பெல் சுவிட்ச் இருந்தது. இடது கை ஆள்காட்டி விரலால் லேசாக ஒரு தட்டுத் தட்டலாம் என்று நினைத்தார். நினைத்தது இடது கையைத்தான்.

வலது கட்டைவிரல் போய் உட்கார்ந்தது.

பெல் அலறியது. விரலை இழுத்தார். வரவில்லை. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். விரல் சுவிட்சை விடவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பெல் அது பாட்டுக்கு அலறிக்கொண்டே இருந்தது.

விரல் நுனியில் ஏதோ பிசுபிசுத்தது. கையெல்லாம் நுங்கு வாசம்.

உள்ளே பாத்திரம் விழுந்து உருண்டது. யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. முப்பத்தெட்டு வயசுக் கோமுவின் காலடி இல்லை அது, நுங்குக்கு அழுத சின்னக் கோமுவின் காலடி.

"இந்தா வந்துட்டேன்பா!"