அடைக்காத பொந்து

பனி மூடிய காலையில் குளக்கரைப் பாறைமேல் கூடியவர்கள் இவர்கள்: காட்டெருமை ஒன்று, புள்ளிமான்கள் ஐந்து, அணில்கள் இரண்டு, மைனா ஒன்று, உடும்பு ஒன்று, இருவாச்சிப் பறவை ஒன்று. நடுவில் தலைகுனிந்து நின்ற மரங்கொத்தி ஒன்று. மொத்தம் பன்னிரண்டு பேர்.

மரங்கொத்தியின் பெயர் செங்கொண்டை. எதிர்க்கரையில் நின்ற பட்டுப்போன மருதமரம் அவளுடையது. மேல் பொந்தில் அவளுடைய மூன்று குஞ்சுகள் இருந்தன. அடியில் இன்னொரு பொந்து. அதில் யார் வாய்வைத்துப் பேசினாலும் மரம் ஒரே குரலில்தான் ஒலிக்கும். அது செங்கொண்டையின் குரல் போலவே இருக்கும்.

தினமும் அவள் உச்சிக்கிளையிலிருந்து குளத்தைச் சுற்றிப் பார்ப்பாள். பிறகு அடிப்பொந்தில், "பயமில்லை, தண்ணீருக்கு வரலாம்!" என்பாள். அதை நம்பித்தான் மான்கள் இறங்கும்.

நேற்றும் மரம் அப்படியே சொன்னது. இறங்கிய மான்குட்டி திரும்பவில்லை.

"பொய்க்குரல் கொடுத்தவர் காட்டை விட்டுப் போகணும். அதுதான் நம்ம சட்டம்," என்றது காட்டெருமை.

செங்கொண்டை எதிர்க்கரை மரத்தைப் பார்த்தாள். குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லையே!

"பெரியவரே, நேற்று நான் இரை தேடப் போயிருந்தேன். நான் கூப்பிடவே இல்லை!"

"மரம் யாருடையது?"

"என்னுடையதுதான். ஆனால் எல்லாரும் அதில் பேசுவாங்க. அணில் பிள்ளைகளைக் கூப்பிடும். மைனா மாமியாரைத் திட்டும்."

"எப்பவோ ஒரு தடவை!" என்றது மைனா.

"தினமும்தான்," என்றது உடும்பு. "எங்க தூக்கமே போச்சு!"

இருவாச்சி கழுத்தை நீட்டியது. "பொந்தை மண் பூசி அடைச்சிடு தங்கச்சி, உன் அலகு நுழையும் அளவு மட்டும் விடுன்னேன். எங்க வீட்டில் அப்படித்தான் செய்வோம். கேட்டியா?"

"அடுத்தவங்க பேசினால் எனக்கு என்ன குறையும்னு இருந்துட்டேன், அக்கா."

"எனக்குக் குறைஞ்சிருக்கு," என்றது தாய்மான்.

அப்போது பனிக்குள்ளிருந்து மரம் பேசியது.

"பயமில்லை. தண்ணீருக்கு வரலாம்."

எல்லாரும் செங்கொண்டையைப் பார்த்தார்கள். அவள் அலகு மூடியே இருந்தது.

அணில் அவசரமாக எண்ணியது. "பன்னிரண்டு பேரும் இங்கேதான் இருக்கோம்!"

"அப்போ அங்கே யார்?" என்றது காட்டெருமை.

மரம் மறுபடியும் பேசியது. மெதுவாக, அன்பாக. "குட்டிகளையும் கூட்டிட்டு வாங்க."

அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்து மூன்று குஞ்சுகளும் மேலிருந்து ஆசையாகக் கீச்சிட்டன.

செங்கொண்டை அலறிக்கொண்டு பறந்தாள். மரத்தடியில் ஒரு சிறுத்தை பொந்துக்குள் தலையை நுழைத்துப் படுத்திருந்தது. வால்நுனி மட்டும் அசைந்தது. காட்டெருமை தண்ணீரைக் கலக்கிக்கொண்டு பாய்ந்து வந்தது. சிறுத்தை தலையை உருவி, சத்தமே இல்லாமல் பனிக்குள் மறைந்தது. குஞ்சுகள் பிழைத்தன.

காட்டெருமை மூச்சு வாங்கியபடி தீர்ப்புச் சொன்னது. "கொலை சிறுத்தை செய்தது. அதற்காக உன்னைத் துரத்த மாட்டேன். ஆனால் பொந்து உன்னுடையது. எச்சரித்தும் நீ அடைக்கவில்லை. அந்தப் பங்கு உன்னுடையதுதான். இன்றைக்கே அடை!"

பொழுது சாய்வதற்குள் செங்கொண்டை பொந்தை மண்ணால் அடைத்தாள். மிச்சம் விட்ட சின்னத் துளையில் அலகை வைத்து, "பயமில்லை, தண்ணீருக்கு வரலாம்!" என்றாள். குளத்தில் உண்மையிலேயே ஆபத்து எதுவும் இல்லை.

தாய்மான் காதை மடக்கிக்கொண்டது. "நீ நல்லவள்தான், தங்கச்சி. ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் இனி என் கால் முன்னே வராது."

ஐந்து மான்களும் வேறு நீர்நிலை தேடி மலையேறிப் போய்விட்டன. கூடிய பன்னிரண்டு பேரில் குளக்கரையில் மிஞ்சியவர்கள் ஏழு பேர்.

நம் வாசலை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று திறந்து போட்டால், அதன் வழியே நடக்கும் தீமையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.