நாயின் மூக்கில் ஈரம் தங்கிய விதம்

ஆடும் நாயும் மனிதரும் ஒரே பாஷையில் சண்டை போட்டுச் சமாதானமாகிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நாயின் மூக்கு முகத்துக்கு ஒரு அழகுக்காகத்தான் இருந்தது. வெயிலில் கிடக்கும் புளியங்கொட்டை போலக் கறுத்துக் காய்ந்திருக்கும். கஞ்சி கொதித்தால் தெரியும், கருவாடு சுட்டால் தெரியும். அதற்கு மேல் அந்த மூக்கிடம் நாய் எந்த வேலையும் வாங்கியதில்லை. மோப்பத்தில் கெட்டிக்காரி என்று அன்றைக்குப் பெயர் வாங்கியிருந்தது செம்மறியாடு.

நாய் பெயர் வாங்கியிருந்தது பேச்சில். கண் விழித்ததும் ஆரம்பித்தால் கண் அசரும்வரை ஓயாது. காக்கையிடம் ஊர்வம்பு, ஓணானிடம் கேலி, ஆள் கிடைக்காவிட்டால் தன் வாலிடமே நியாயம் கேட்கும்.

இந்த வாயாடி நாய், கொண்டையன் ஒச்சம்மா என்கிற புருஷன் பெண்டாட்டியின் ஆட்டுக் கிடையில் இருந்தது. அறுப்பு முடிந்த வயலில் ஆடுகளை அடைத்துப் போட்டு, புழுக்கையை வயலுக்கு உரமாக விட்டுவிட்டு அடுத்த வயலுக்குப் போவதுதான் அவர்கள் பிழைப்பு. விடிந்ததும் கொண்டையன் ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவான். நடக்கமாட்டாத பச்சைக் குட்டிகளைக் கூடாப்புக்குள், அதாவது கவிழ்த்துப் போட்ட பெரிய கூடைக்குள் விட்டு ஒச்சம்மா பார்த்துக்கொள்வாள். நாய் அவளுக்குக் காவல்.

காவல் என்று பெயர்தான். பகலில் எந்த நரி வரும்? நாய்க்குப் பொழுது போகாது. கூடாப்பின் விளிம்பைக் கடிக்கும். ஒச்சம்மாவின் செருப்பை மென்று வைக்கும். வயலில் குழி தோண்டி, அந்தக் குழியைப் பற்றியே அரைநாள் பேசும். ஒச்சம்மாவுக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. ஒருநாள் மூன்று கொட்டாங்கச்சிகளைத் தரையில் கவிழ்த்து, ஒன்றுக்கு அடியில் கருவாட்டுத் துண்டை வைத்தாள்.

"எதுல இருக்குன்னு கண்டுபிடி. கண்டுபிடிச்சா உனக்கு. இல்லேன்னா வாயப் பொத்திக்கிட்டுக் கிட."

நாய் மூன்றையும் ஒரே உதையில் உருட்டிவிட்டுக் கருவாட்டைத் தின்றது.

"இதெல்லாம் ஒரு வெளையாட்டா அக்கா?"

"கள்ளப்பயலே! ஒண்ணைத்தான் தொடணும். தப்பாத் தொட்டா கருவாடு எனக்கு."

மறுமுறை தப்பாகத் தொட்டது. ஒச்சம்மா அதன் கண் முன்னாலேயே கருவாட்டை வாயில் போட்டு ஊறவைத்துச் சப்பினாள். அந்த அவமானம்தான் நாயைப் பிடித்து உலுக்கியது. அன்று சாயங்காலத்துக்குள் மூன்று கொட்டாங்கச்சி அதற்கு விளையாட்டாகவே படாத அளவுக்குச் சுலபமாகிவிட்டது. அவள் வைக்கோலுக்குள் ஒளித்தாள், எடுத்தது. கருவேல மரத்தின் கவட்டையில் வைத்தாள். கீழே மண்ணையே முகர்ந்துகொண்டு சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தலையை மேலே தூக்கிக் காற்றைக் கேட்டு, மரத்தில் முன்காலை வைத்தது. காற்று வரும் பக்கம் பார்த்து நின்றால் மணம் தானாக வரும் என்பதை அது தானே கண்டுகொண்டது. ஒச்சம்மா அசந்துபோனாள். அதைக் காட்டிக்கொள்ளாமல் விளையாட்டை இன்னும் கடுமையாக்கினாள்.

ஓடைக் கூழாங்கற்களைக் குவித்து, அதில் ஒன்றை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்துவிட்டுக் குவியலில் எறிவாள். அவள் கை பட்ட கல் எதுவென்று நாய் சொல்லவேண்டும். கருவாட்டு வாசம் இல்லை, ஒன்றுமில்லை; ஒரு கைச் சூட்டின் மணம் மட்டும். நாய் திணறியது. பேசிக்கொண்டே தேடும், தேடிக்கொண்டே பேசும். ஒருநாள் பனி இறங்கிய காலையில் புல்லுக்குள் மூக்கை விட்டு எடுத்தது; போன வேகத்தில் கல்லைக் கவ்விக்கொண்டு வந்தது.

"அக்கா! பனி பட்டு மூக்கு நனைஞ்சுதா, மணம் வந்து அப்படியே ஒட்டிக்கிட்டுது! எங்க தாத்தனுக்குக்கூடத் தெரியாத வித்தை அக்கா இது! இன்னொண்ணு போடு!"

அவள் இன்னொன்று போட்டாள். பேசிய சூட்டில் மூக்கு காய்ந்துவிட்டது. கல் கிடைக்கவில்லை. நாக்கால் மூக்கை நக்கி ஈரமாக்கிப் பார்த்தது. கல் கிடைத்தது.

"பாத்தியா?" என்றாள் ஒச்சம்மா. "பேசினா காயுது. பேசாம இருந்தா பிடிபடுது. இருக்கிறது ஒரு நாக்கு. அத எதுக்கு வச்சுக்கணுமோ வச்சுக்க."

"பேசாம எப்படிக்கா இருக்கிறது? வயிறு வெடிச்சிராது?"

ஒரு கல் கிடைக்கும்வரை வாயை மூடுவது, கிடைத்ததும் ஆசை தீரப் பேசுவது என்று இருவரும் ஒப்பந்தம் போட்டார்கள். இதைப் பார்த்துக் கொண்டையன் தலையில் அடித்துக்கொள்வான். "ஏ புள்ள, ஆடு மேய்க்க வந்தியா, நாயோட கல்லு பொறுக்க வந்தியா?" என்பான்.

குட்டி ஈனும் காலம் வந்தது. அந்த வருஷம் ஆடுகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் ஈன்றன. அதே நேரத்தில் மழையும் வந்தது. பருவம் தப்பிய மழை. விடியற்காலையில் காற்றோடு இறங்கி, பட்டியைப் பிய்த்து, கூடாப்புகளை உருட்டிவிட்டது. ஈன்று ஈரம் காயாத குட்டிகள் சேற்றில் கிடந்து நடுங்கின. ஒச்சம்மா அள்ளி அள்ளி, சாக்குகளைத் தைத்த ஒரே படங்குக்குள் சேர்த்தாள். அப்புறம்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். குட்டிக்குக் குளிர் தாக்கினால் வேப்பெண்ணெயில் அடுப்புச் சாம்பலைக் குழைத்து உடம்பு முழுக்கப் பூசுவது கிடைக்காரர் வழக்கம். ஒன்றிரண்டுக்குப் பூசினால் மருந்து. பதற்றத்தில் அவள் எல்லாக் குட்டிக்கும் தலை முதல் வால் வரை பூசிவிட்டாள்.

மழை விட்டு வெளிச்சம் வந்ததும் தாய் ஆடுகள் மடி கனத்து ஓடிவந்தன. ஆடு தன் குட்டியை முகத்தைப் பார்த்துச் சேர்ப்பதில்லை, முகர்ந்துதான் சேர்க்கும். ஒவ்வொரு ஆடும் ஒவ்வொரு குட்டியாக முகர்ந்தது; தும்மியது; முட்டித் தள்ளியது.

"இது எங்குட்டி இல்ல," என்றது ஒரு ஆடு.

"இது வேப்பெண்ணெய் பெத்த குட்டி," என்றது இன்னொன்று.

எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே சாம்பல், ஒரே நாற்றம். பிறந்து ஒரு பொழுதுகூட ஆகாததால் ஒச்சம்மாவுக்கும் அடையாளம் பிடிபடவில்லை. குட்டிகளைக் கேட்கலாம் என்றால், அவற்றுக்கு 'அம்மா' என்று கத்தத்தான் தெரியும். எந்த அம்மா என்று சொல்லத் தெரியாது. கழுவிவிட்டால் குளிரில் விறைத்துப்போகும். ஒவ்வொரு ஆட்டிடமாகக் கொண்டுபோய்க் காட்டினால் முட்டுப்பட்டே செத்துப்போகும். உச்சிப்பொழுதுக்குள் சீம்பால் உள்ளே போகாவிட்டால் ஒரு குட்டிகூடத் தங்காது. ஒச்சம்மா சேற்றில் உட்கார்ந்து, "எங்கையால கொன்னுட்டேனே," என்று வாய்விட்டு அழுதாள்.

"அக்கா, இதுவும் கல்லு வெளையாட்டுத்தானே?" என்றது நாய். "நான் தேடுறேன்."

"எங்களுக்கே தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்!" என்று சிரித்தது கூளச்சி. கிடையில் அவள்தான் மூத்த ஆடு, மோப்பத்தில் பெயர் பெற்றவள். அன்றைக்கு அவளும் ஈன்றிருந்தாள்.

நாய் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது அதன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மழைத் தண்ணீர் நின்ற குழிக்குள் மூக்கை முக்கி எடுத்தது. ஒரு ஆட்டின் மடியை முகர்ந்தது. குட்டிகளுக்குள் போனது. வேப்பெண்ணெய் கண்ணைக் கரித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டது. நாற்றத்துக்கு அடியில் நாற்றம், அதற்கும் அடியில் சாம்பல், அதற்கும் அடியில் எங்கோ ஒரு துளி, தாய் வயிற்றின் மணம். அந்தத் துளியைப் பிடித்தது பாருங்கள், அதை மூக்கு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது! குட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அதன் வாலடியில் இருந்த எண்ணெயைத் தன் நாக்கால் நக்கித் துடைத்தது. தாய் முகர்ந்தாள். அவள் தொண்டையில் தானாக ஒரு கனைப்பு வந்தது. குட்டி மடியில் முட்டியது.

"கண்டுபிடிச்சிட்டேன் அக்கா!" என்று நாய் கத்தியது. கத்தியதும் மூக்கு காய்ந்தது. அடுத்த குட்டியின் மணம் நழுவிப்போனது. மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. சாக்குக்குள் ஒரு குட்டியின் கத்தல் அதற்குள் ஈனக் குரலாகியிருந்தது.

அதற்கப்புறம் நாய் வாயைத் திறக்கவில்லை. நக்கி மூக்கை நனைப்பது, முகர்வது, தள்ளிவருவது, கசப்பைத் துடைப்பது. வேப்பெண்ணெய்க் கசப்பில் நாக்கு மரத்துப்போனது. வயிற்றுக்குள் பேச்சு முட்டி முட்டி நின்றது.

வெயில் ஏறும்போது ஒரு குட்டியும் ஒரு ஆடும் மிச்சம். அந்த ஆடு கூளச்சி.

"அப்பாடா!" என்றான் கொண்டையன். "மிஞ்சினது ஒண்ணு, நிக்கிறது ஒண்ணு. இதுக்கு மூக்கு வேற எதுக்கு?" குட்டியைத் தூக்கிக் கூளச்சியிடம் விடப்போனான்.

நாய் குறுக்கே வந்து நின்றது. கூளச்சியை முகர்ந்தது. குட்டியை முகர்ந்தது. பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டுபோய், ஏற்கெனவே ஒன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு இளம் ஆட்டிடம் விட்டது.

"கூறுகெட்ட நாயே, அதுக்குத்தான் ஒண்ணு இருக்கே!" என்று கொண்டையன் கம்பை ஓங்கினான்.

நாய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அடிக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றது. ஒச்சம்மா ஓடிவந்து கம்பைப் பிடித்தாள்.

"அடிக்காதீங்க. கல்லு வெளையாட்டுல அது அலப்பும், அலுத்துக்கும், ஆனா இல்லாதத இருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. அது மூக்கு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

நாய் குட்டியின் வாலடியைத் துடைத்தது. இளம் ஆடு முகர்ந்தது, கனைத்தது, இன்னொரு காம்பையும் கொடுத்தது. இருட்டிலும் மழையிலும் அவள் இரட்டை ஈன்றது யாருக்கும், மிரண்டுபோயிருந்த அவளுக்கேகூட, தெரிந்திருக்கவில்லை.

கூளச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப எம் பிள்ள எங்கே?" என்று அலறினாள்.

நாய் அவள் மடியில் ஒருமுறை மூக்கை வைத்தது. மூக்கை நக்கிக்கொண்டது. தலையைத் தூக்கிக் காற்று வரும் பக்கம் திரும்பி அசையாமல் நின்றது. பிறகு ஓடியது. வயலைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, ஓடைக்கரைக் கருவேலம் புதரில் போய் நின்று இரண்டு காலாலும் பிராண்டியது. ஒச்சம்மா ஓடிப்போய்ப் பார்த்தாள். காற்று உருட்டிக்கொண்டுபோன கூடாப்பு ஒன்று முள்ளுக்குள் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தூக்கினால், உள்ளே சேறு அப்பிய ஒரு குட்டி. கத்தக்கூடத் தெம்பில்லாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு. கூடாப்போடு உருண்டுபோனதால் அவள் கண்ணில் படாமல் போனது அதுதான். முந்தானைக்குள் சுருட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து கூளச்சியின் மடியில் வைத்தாள். முதல் மிடறு இறங்குகிறவரை குட்டியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறங்கியதும் கூளச்சி நாயைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினாள். அன்று தாழ்ந்த தலையைச் செம்மறியாடு இன்றும் நிமிர்த்தவில்லை.

கொண்டையன் தன் கஞ்சிக் கலயத்தைக் கொண்டுவந்து நாயின் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைக் காட்ட வெட்கப்பட்டுப் போய்விட்டான். ஒச்சம்மா நாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் முடிஞ்சிருச்சுடா. இப்பப் பேசு. ஒப்பந்தம் ஞாபகம் இருக்குல்ல? ஆசை தீரப் பேசு. நான் கேக்கிறேன்."

நாய் வாயைத் திறந்தது. எவ்வளவோ இருந்தது சொல்ல. அப்போது படங்குக்குள் ஏதோ ஒரு குட்டி தூக்கத்தில் முனகியது. நாய் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருஷமும் ஆடுகள் ஈனும். அடுத்த வருஷமும் மழை வரும். மூக்கு காய்ந்திருக்கிற நேரம் பார்த்து எது தொலையும் என்று யாருக்குத் தெரியும்? திறந்த வாயிலிருந்து நாக்கு மட்டும் வெளியே வந்தது. மூக்கை ஒருமுறை நக்கிக்கொண்டு வாயை மூடியது. ஈர மூக்கை அவள் உள்ளங்கையில் கொண்டுவந்து வைத்தது.

"பேசமாட்டியாடா இனிமே?" என்றாள் ஒச்சம்மா. வால் மட்டும் ஆடியது. அவள் முகத்தை அதன் கழுத்தில் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கையில் பொத்திக்கொண்டாள். நாயின் காது இரண்டும் விறைத்து நின்றன.

அன்று முதல்தான் நாய் எதைக் கண்டாலும் முதலில் முகர்கிறது, தூங்கி எழுந்தாலும் மூக்கை நக்கி நனைத்துக்கொள்கிறது. குரைப்பு எல்லாம் வயிற்றில் தங்கிப்போன பழைய பேச்சின் மிச்சம்தான். உங்கள் வீட்டு நாய் பொழுது போகாமல் செருப்பைக் கடித்தால் திட்டாதீர்கள். உங்கள் கை பட்ட எதையாவது எடுத்து வீட்டுக்குள் ஒளித்து வையுங்கள். அது தேடி எடுத்துக்கொண்டு வந்து உங்கள் உள்ளங்கையில் மூக்கை வைக்கும். அந்த ஈரம் இருக்கிறதே, அதுதான் அது உங்களிடம் சொல்ல நினைத்த அத்தனையும்.